52 நிமிடக் கூட்டப் பதிவு: இரண்டு மொபைல், ஒரு ரெக்கார்டர். எடிட்டிங்கை எங்கிருந்து ஆரம்பிப்பது?

கூட்டப்பதிவன்:

வணக்கம். நூலகக் கூட்டம் ஒன்றில் நடந்த 52 நிமிட உரையை யூடியூபில் ஏற்ற வேண்டும். கையில் இருப்பவை இவை.

அரங்கின் நடுவே ஸ்டாண்டில் வைத்த மொபைலில் மேடை முழுவதும் தெரியும் வைடு ஷாட். 1080பி, 30 ஃபிரேம். 4 ஜிபி ஆனதும் போனே கோப்பை இரண்டாக உடைத்திருக்கிறது. முன்வரிசையிலிருந்து பேச்சாளரின் க்ளோஸ் ஷாட் 4கே, 30 ஃபிரேம், ஹெச்.265 சுருக்கம், ஒரே கோப்பு, 9 ஜிபி. மேஜையில் வைத்த வாய்ஸ் ரெக்கார்டரின் வேவ் கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், இடது காதில் மட்டும் கேட்கிறது.

லேப்டாப்: 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் 70 ஜிபி காலி. வெளியே 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. மென்பொருள் கேடென்லைவ்.

மூன்றையும் டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பகுதி) போட்டு ஆரம்பத்தில் உதட்டசைவுக்குப் பொருத்தினால் சரியாக இருக்கிறது. 40ஆவது நிமிடத்தில் பேச்சு படத்தை முந்துகிறது. 4கே கோப்பு தத்தித் தத்தி ஓடுகிறது. க்ளோஸ் ஷாட்டில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாகத் துடிக்கிறது. எது முதல், எது பிறகு? கலர், சத்தம், தலைப்பு என்று எல்லாவற்றையும் தொட்டு எல்லாமே பாதியில் நிற்கின்றன.

கத்தரிக்கோல்:

டைம்லைனில் இருப்பதை அப்படியே மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். வரிசை இதுதான்: நகல் எடுப்பது, கோப்புகளைச் சோதிப்பது, தேவையானதை மாற்றுவது, ஒலியையும் படத்தையும் பொருத்துவது, வெட்டுவது, வெட்டை முடித்துப் பூட்டுவது. அதன் பிறகுதான் சத்தம், நிறம், எழுத்து, ரெண்டர் (எல்லாவற்றையும் ஒரே வீடியோ கோப்பாக எடுப்பது). வெட்டு முடியாமல் கலரைத் தொட்டால், பிறகு தூக்கி எறியப்போகும் எட்டு நிமிடத்துக்கும் சேர்த்து கலர் செய்துகொண்டிருப்பீர்கள். தலைப்பை முதலிலேயே வைத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் அது இடம் மாறி நிற்கும்.

முதலில் நகல். மொபைலிலிருந்து யூஎஸ்பி வயர் போட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரைதான் போகும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வைடு, க்ளோஸ், ஒலி, தலைப்பு, புராஜெக்ட், வெளியீடு என்று தனித்தனி ஃபோல்டர்கள். பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள், இடைவெளி வேண்டாம். தமிழ்ப் பெயர் வைத்தால் சில கருவிகள் கோப்பைத் திறக்க முடியாமல் முழிக்கும். புராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது, வீடியோ இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். ஆகவே இம்போர்ட் செய்த பிறகு ஃபோல்டரை நகர்த்தக் கூடாது, பெயரையும் மாற்றக் கூடாது. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32-ஆக ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும். மூலக் கோப்புகளின் இன்னொரு நகல் வேறு ஒரு டிஸ்க்கில் ஏறும்வரை மொபைலில் அழிக்காதீர்கள்.

அடுத்து சோதனை. மீடியாஇன்ஃபோ என்று ஒரு சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. மொபைல் கோப்புகளை அதில் போட்டு 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 'வேரியபிள்' என்றுதான் இருக்கும். மொபைலில் 30 என்று போட்டாலும், வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ அது 28, 26 என்று இறங்கி ஏறும். விஎல்சி போன்ற பிளேயர்கள் ஒவ்வொரு ஃபிரேமின் நேரக் குறிப்பையும் பார்த்து ஓட்டுவதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வருகிறது என்ற நம்பிக்கையில் இயங்குகிறது. சத்தம் நகர்ந்து போவதற்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இதைச் சரிசெய்ய ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். வீடியோ பகுதியில் என்கோடர் ஹெச்.264, ஃபிரேம் ரேட் 30, அதற்குக் கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்', தரம் ஆர்எஃப் 18 (எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும்). டைமென்ஷன்ஸ் பகுதியில் ஆட்டோ கிராப்பை மறக்காமல் நிறுத்துங்கள். இருண்ட மேடையின் ஓரத்தைக் கறுப்புப் பட்டை என்று நினைத்து அது வெட்டிவிடும். அப்புறம் இரண்டு வைடு கோப்பும் இரண்டு அளவில் வந்து நிற்கும். கேடென்லைவே இம்போர்ட் செய்யும்போது இப்படிப்பட்ட கோப்பைக் கண்டுபிடித்து 'மாற்றவா' என்று கேட்கும். அதற்கு ஆம் சொல்லியும் செய்துகொள்ளலாம், ஆனால் வெளியே செய்தால் அளவு உங்கள் கையில் இருக்கும்.

அதிகம் சுருக்காத எடிட்டிங் வடிவமான புரோரெஸுக்கு மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். 1080பி 30 ஃபிரேமுக்கு புரோரெஸ் 422 எல்டி வினாடிக்கு சுமார் 102 மெகாபிட். 52 நிமிடத்துக்கு ஒரு கேமராவுக்கே 40 ஜிபி. உங்கள் எஸ்எஸ்டிக்கு அது வேண்டாம்.

4கே கோப்பை 4கேயாகவே வைத்திருப்பதில் ஒரு லாபம்தான்: 1080பி டைம்லைனில் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. இடுப்பளவு ஷாட்டையே முகத்தளவாக்கி மூன்றாவது கேமரா போலக் காட்டலாம். அது தேவையில்லை என்றால் ஹேண்ட்பிரேக்கிலேயே 1080பிக்கு இறக்கிவிடுங்கள். தேவையென்றால் பொறுமை வேண்டும். 52 நிமிடம் என்பது 93,600 ஃபிரேம். வினாடிக்கு 10 ஃபிரேம் வேகத்தில் போனால் 2 மணி 36 நிமிடம். சார்ஜரைப் போட்டு வையுங்கள், பேட்டரியில் ஓடினால் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பிறகு கேடென்லைவில் புராஜெக்ட் செட்டிங்: 1080பி, 30 ஃபிரேம். இதைப் பாதியில் மாற்றினால் எல்லா வெட்டும் ஒன்றிரண்டு ஃபிரேம் நகரும், ஆகவே முதல் கிளிப்பை டைம்லைனில் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். அதே இடத்தில் பிராக்சியை ஆன் செய்யுங்கள். பிராக்சி என்பது வெட்டுவதற்கு மட்டும் பயன்படும் சின்ன நகல். 640 பிக்சல் அகலம் போதும். தத்தல் நிற்பது இதனால்தான். நேர நகர்வை பிராக்சி சரிசெய்யாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிராக்சி எஸ்எஸ்டியில் இருக்கட்டும், மூலக் கோப்பு ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கலாம்.

வெட்டுவதைப் பற்றி மாலையில் எழுதுகிறேன்.

சுருள்:

எதுக்கு 30? நம்ம ஊர் டிவி முறை பால் (PAL), 25 ஃபிரேம்தான். ஹேண்ட்பிரேக்லயே மூணையும் 25 ஆக்கிட்டா டியூப்லைட் பிரச்சினையும் போயிடும், டைம்லைனும் சுத்தமா இருக்கும்.

கத்தரிக்கோல்:

சுருள், 25-இல் எடுத்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. எடுத்தது 30-இல். 30-ஐ 25 ஆக்கினால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று வீசப்படும், அதாவது வினாடிக்கு ஐந்து சின்னத் தாவல். ஸ்டாண்டில் அசையாமல் நின்ற கேமராவில் அது அவ்வளவாகத் தெரியாது, கை வீசிப் பேசுகிறவரின் கையில் தெரியும். துடிப்பு படத்திலேயே பதிந்துவிட்டதால் ஃபிரேமை வீசினாலும் போகாது. பால் என்பது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான கணக்கு. யூடியூப் எதில் எடுத்தீர்களோ அதிலேயே ஏற்றச் சொல்கிறது.

மைக்_டெஸ்டிங்:

சத்தம் நகர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு மேலே சொன்ன வேரியபிள் ஃபிரேம். இன்னொண்ணு கடிகாரம். ரெக்கார்டருக்குள்ள ஒரு கிறிஸ்டல், போனுக்குள்ள ஒரு கிறிஸ்டல். ரெண்டும் ஒரே வேகத்துல துடிக்காது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 52 நிமிஷத்துல 0.156 வினாடி, கிட்டத்தட்ட 5 ஃபிரேம். ஒலி படத்தை 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்ணுக்குப் பட ஆரம்பிக்கும். பின்னால வந்தா 125 வரைக்கும் பெரும்பாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க, ஏன்னா தூரத்துல பேசுறவங்க சத்தம் லேட்டா வர்றது நமக்குப் பழகினதுதான்.

எந்தக் காரணம்னு கண்டுபிடிக்கிறது சுலபம். 10, 30, 50 நிமிஷத்துல எத்தனை ஃபிரேம் நகர்ந்திருக்குன்னு அளந்து பாருங்க. 1, 3, 5 மாதிரி சீரா ஏறினா கடிகாரம். 0, 7, 9 மாதிரி தாறுமாறா இருந்தா வேரியபிள் ஃபிரேம். முதல்ல ஹேண்ட்பிரேக்ல மாத்துங்க, அப்புறம் அளங்க.

44.1 கிலோஹெர்ட்ஸ்னால நகருதுன்னு சிலர் சொல்வாங்க. இல்ல. மென்பொருள் அதை 48-ஆ தப்பாப் படிச்சா 52 நிமிஷம் 47 நிமிஷம் 46 வினாடியா சுருங்கி, குரலும் கீச்சுன்னு ஆகிடும். அப்படி ஆனா முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்.

டைம்லைனுக்குப் போறதுக்கு முன்னாடியே ரெக்கார்டர் கோப்பை ஆடாசிட்டிங்கிற ஒலி மென்பொருள்ல முழுசா சுத்தம் பண்ணிடுங்க. சின்ன லேப்டாப்புக்கு இதுதான் நல்லது, வெட்டின ஐம்பது துண்டுக்கும் தனித்தனியா எஃபெக்ட் போட வேண்டாம். நீளம் மட்டும் மாறவே கூடாது, அதாவது உள்ளே எதையும் வெட்டாதீங்க. ஒலிச் சானலைப் பிரிச்சு காலியான வலது பக்கத்தை அழிச்சிட்டு இடதை மோனோ ஆக்குங்க, ரெண்டு காதிலயும் வரும். அப்புறம் ஹை-பாஸ் 80 ஹெர்ட்ஸ், அதாவது அதுக்குக் கீழ உள்ள சத்தத்தைக் குறைக்கிற ஃபில்டர். மேஜை அதிர்வு, மைக்ல கை தட்டுற 'டும்' எல்லாம் அதுலயே பாதி போயிடும். கரண்ட் இரைச்சல் இருந்தா 50, 100, 150 ஹெர்ட்ஸ்ல, அந்த இடத்தை மட்டும் குறைக்கிற நாட்ச் ஃபில்டர்.

மின்விசிறிச் சத்தத்துக்கு, யாரும் பேசாத ரெண்டு வினாடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொஃபைல் (இரைச்சலோட மாதிரி) எடுங்க. குறைக்கிறது 6லேர்ந்து 9 டெசிபல் வரைக்கும்தான். 20 வச்சா விசிறி காணாமப் போகும், கூடவே குரலும் தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஆகிடும். கைத்தட்டல் வர்ற இடங்களைத் தனியா தேர்ந்தெடுத்து 6, 8 டெசிபல் இறக்குங்க. இதைக் கம்ப்ரெஸர் (பெரிய சத்தத்தை அமுக்குற எஃபெக்ட்) போடுறதுக்கு முன்னாடி செய்யணும், இல்லேன்னா ஒவ்வொரு கைத்தட்டலுக்கும் குரல் அமுங்கி எழும். கம்ப்ரெஸர் 3:1. கடைசியா மொத்தத்தையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தோட அளவு) சுத்தி கொண்டு வந்து, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாம லிமிட்டர் போடுங்க. யூடியூப் அதுக்கு மேல இருந்தா குறைக்கும், கீழ இருந்தா தூக்கிவிடாது. எதிரொலி நிறைய இருந்தா ஒண்ணும் பெருசா செய்ய முடியாது, விட்டுடுங்க.

பொருத்துறது: கேடென்லைவ்ல ரெக்கார்டர் கிளிப்பை வலது கிளிக் பண்ணி ஆடியோ ரெஃபரன்ஸா வைங்க, மத்த கிளிப்களைத் தேர்ந்தெடுத்து அலைன் கொடுங்க. உடைஞ்ச வைடு கோப்பு ரெண்டையும் ஒட்டி ஒண்ணாக்காம தனித்தனியாவே அலைன் பண்ணுங்க. உடைஞ்ச இடத்துல சில போன்கள் கொஞ்சம் ஃபிரேமை விட்டுடும், ஒட்டினா அந்த ஓட்டை அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும் தள்ளிடும். இன்னொரு சங்கதி: வைடு போன் மேடையிலேர்ந்து 10 மீட்டர்ல இருந்தா, அதுல பதிஞ்ச சத்தமே 29 மில்லிசெகண்ட் லேட். அதோட ரெக்கார்டரைப் பொருத்தினா ரெக்கார்டரும் ஒரு ஃபிரேம் லேட் ஆகும். க்ளோஸ் போனோட உதட்டைப் பார்த்து உறுதிப்படுத்துங்க. பொருத்தினதும் மொபைல் ஆடியோ ரெண்டையும் மியூட் பண்ணுங்க, ஆனா அழிச்சிடாதீங்க. கைத்தட்டலுக்கும் சிரிப்புக்கும் வைடு போனோட சத்தம் தேவைப்படும், ரெக்கார்டர்ல அரங்கமே இருக்காது.

கத்தரிக்கோல்:

வெட்டு.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, ஒன்றாகச் செய்யாதீர்கள். முதலில் எதை நீக்குவது என்பது, பிறகு எந்தக் கேமராவைக் காட்டுவது என்பது. நீக்கும்போது மூன்று டிராக்கும் சேர்ந்தே வெட்டுப்பட வேண்டும். ஒன்று பூட்டியிருந்து மற்றது நகர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் பொருத்தம் இழக்கும். நீக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் ஐ, முடிவில் ஓ அழுத்தி, ஷிஃப்ட்+எக்ஸ் கொடுத்தால் அந்தப் பகுதி எடுக்கப்பட்டு இடைவெளியும் மூடும். ஒருமுறை செய்ததும் மூன்று டிராக்கும் ஒட்டியிருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதை நீக்குவது: மைக் சரிசெய்வது, தண்ணீர் குடிப்பது, துண்டுச்சீட்டு கொடுப்பது, ஒரே வாக்கியத்தை இரண்டு முறை ஆரம்பிப்பது. மூச்சை நீக்காதீர்கள். வாக்கியங்களுக்கு இடையே அரை வினாடியாவது விடுங்கள். யோசித்துப் பேசுகிறவரின் இடைவெளியும் பேச்சுதான், அதை உறிஞ்சிவிட்டால் செய்தி வாசிப்பாகிவிடும்.

தமிழ்ப் பேச்சை அலைவடிவம் பார்த்து வெட்டுகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 'வந்தது', 'என்று', 'இருக்கிறது' என்று நம் வாக்கியங்கள் பெரும்பாலும் குறைந்து ஒலிக்கும் உகரத்தில் முடிகின்றன. இலக்கணத்தில் குற்றியலுகரம் என்கிறோமே, அதுதான். அலைவடிவத்தில் அந்த உகரம் தட்டையான கோடு போலத்தான் தெரியும். கோடு தட்டையான இடத்தில் வெட்டினால் 'வந்தத்' என்று முறிந்து நிற்கும். அலை அடங்கிய பிறகும் 5, 6 ஃபிரேம் விட்டு வெட்டுங்கள், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒலிக்கு 2 ஃபிரேம் கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றது எழுவது) வைத்தால் 'டிக்' சத்தம் வராது.

நீக்குவது முடிந்ததும் ஒலி டிராக்கைப் பூட்டிவிடுங்கள். இப்போது கேமரா. கேமராக்களை மாற்றி மாற்றி வெட்ட மல்டிகேம் கருவி இருக்கிறது, டூல்ஸ் மெனுவில். இரண்டே கேமராவுக்கு அது இல்லாமலே வேலை முடியும். க்ளோஸ் மேல் டிராக்கில், வைடு கீழே. வைடு தெரிய வேண்டிய இடத்தில் ஷிஃப்ட்+ஆர் கொண்டு மேல் கிளிப்பை இரண்டு பக்கமும் வெட்டி அந்தத் துண்டை டெலிட் செய்தால் போதும். இங்கே இடைவெளியை மூடும் டெலிட் கூடாது.

பேச்சை நீக்கிய இடங்களில் படம் துள்ளும். அங்கெல்லாம் கேமராவை மாற்றுங்கள், துள்ளல் மறைந்துவிடும். மற்ற இடங்களில் காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்: கருத்து மாறுகிறது, அரங்கம் சிரிக்கிறது, பேச்சாளர் பக்கம் திரும்புகிறார். ஐந்து வினாடிக்கொரு முறை மாற்றினால் 52 நிமிடம் உட்கார்ந்து பார்க்க முடியாது. 4கேயைப் பெரிதாக்குவதென்றால் 110 சதவீதம் வேண்டாம், தவறு நடந்தது போலத் தெரியும். 140க்கு மேல் போனால்தான் வேறு ஷாட் என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள், நிறுத்தாமல். குறிப்புகளைக் காகிதத்தில் எழுதுங்கள். திருத்தியதும் புராஜெக்ட்டை வேறு பெயரில் சேமியுங்கள். அதற்கு மேல் வெட்டில் கை வைப்பதில்லை.

நிறம் உங்களுக்கு அரை மணி நேர வேலை. டியூப்லைட்டில் எடுத்த மொபைல் படம் பச்சையடிக்கும். ஒயிட் பேலன்ஸை முதலில் சரிசெய்து, பிறகு வெளிச்சத்தைத் தொடுங்கள். பேச்சாளரின் வெள்ளை வேட்டியோ மேஜையில் உள்ள காகிதமோ நல்ல அளவுகோல். க்ளோஸை முடித்துவிட்டு வைடை அதற்குப் பொருத்துங்கள், தலைகீழாக வேண்டாம்: பார்க்கிறவர் முகத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். அழகுபடுத்தும் ஃபில்டர்கள் எதுவும் தேவையில்லை.

கூட்டப்பதிவன்:

மிக்க நன்றி. ஹேண்ட்பிரேக் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சந்தேகங்கள். துடிப்பை எப்படிக் குறைப்பது? தலைப்பு அட்டையை வேறொரு கணினியில் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்தால், 'கொ' என்று அடித்ததும் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துரு கெட்டதா?

சுருள்:

25 விஷயத்துல சரின்னு ஒத்துக்கிறேன். துடிப்புக்கு ஒரு வழி இருக்கு.

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மின்னி மங்கும். எலக்ட்ரானிக் சோக்னா இந்தத் தொல்லை இல்லை. 100-ஐ 30-ஆல் வகுத்தா 3.33, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மின்னல் மூணுல ஒரு பங்கு தள்ளிப் போகுது, மூணு ஃபிரேமுக்கு ஒரு தடவை பழைய இடத்துக்கே வருது. அப்படின்னா அடுத்தடுத்த மூணு ஃபிரேமை சமமாக் கலந்தா துடிப்பு ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும்.

செய்முறை: க்ளோஸ் கிளிப்பை மூணு டிராக்ல ஒண்ணு மேல ஒண்ணா போடுங்க. கீழே உள்ளது அப்படியே. நடுவில் உள்ளதை 1 ஃபிரேம் தள்ளி ஒபாசிட்டி (கீழே உள்ளதை மறைக்கிற அளவு, சதவீதத்துல) 50. மேலே உள்ளதை 2 ஃபிரேம் தள்ளி ஒபாசிட்டி 33. மூணும் 50 வச்சா சமமா கலக்காது, மேல உள்ளதுதான் பாதி தெரியும். ஆடியோவை மூணுலயும் கழட்டிடுங்க. இதைத் தனி புராஜெக்ட்ல செஞ்சு ஒரு புது கோப்பா ரெண்டர் பண்ணி, அதை க்ளோஸ் கிளிப்பா பயன்படுத்துங்க. மூணு அடுக்கை வச்சுக்கிட்டு வெட்டினா உங்க லேப்டாப் படுத்துடும்.

விலை என்னன்னா கை வேகமா அசையும்போது லேசா நிழல் விழும். நின்னு பேசுறவருக்குப் பரவாயில்லை, பரதநாட்டியத்துக்கு ஆகாது. வேரியபிள்லேர்ந்து மாத்தும்போது அங்கங்க ஃபிரேம் இரட்டிச்சிருந்தா அந்த இடத்துல மட்டும் துடிப்பு எட்டிப் பார்க்கும். அடுத்த கூட்டத்துக்கு மொபைல்ல புரோ மோட் போட்டு ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல பூட்டிடுங்க. 1/60 ஆகவே ஆகாது.

எழுத்துரு:

எழுத்துரு கெடவில்லை நண்பரே, அதை அடுக்கிக் காட்டும் எஞ்சின் தவறானது. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. பிரீமியரில் பிரிஃபரன்ஸஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சின் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, புதிய டெக்ஸ்ட் லேயரில் அடித்துப் பாருங்கள். எந்த மென்பொருளானாலும் சோதிக்க நான்கு சொற்கள் போதும்: கொக்கு, கோடை, கௌதாரி, ஸ்ரீ.

உண்மையில் உங்களுக்குப் பிரீமியரே வேண்டாம். கேடென்லைவின் டைட்டில் கருவி தமிழைச் சரியாகவே அடுக்கும். அதிலும் சிக்கலான வடிவம் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேல் டிராக்கில் வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அழைப்பிதழிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றுமே இலவசம். மெல்லிய எடை வேண்டாம். யூடியூப் சுருக்கும்போது சுழிகளின் மெல்லிய கோடுகள்தான் முதலில் கரையும். செமிபோல்டு வையுங்கள். 1080பியில் 48 பிக்சலுக்குக் குறைந்தால் மொபைலில் படிக்க முடியாது. மேலே 'கி' சுழியும் கீழே 'கூ' வாலும் இருப்பதால் வரி இடைவெளியை 1.3 மடங்காவது வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வரியும் உரசிக்கொள்ளும். ஓரத்திலிருந்து 5 சதவீதம், அதாவது பக்கவாட்டில் 96, மேல் கீழ் 54 பிக்சல் விலகியிருக்கட்டும். பெயர்ப் பட்டை 5 வினாடி நிற்கலாம்; சத்தமில்லாமல் இரண்டு முறை வாசித்துப் பார்த்து நேரம் வையுங்கள்.

வசன வரி தனியாக ஏற்றுவதென்றால் எஸ்ஆர்டி கோப்பை யூடிஎஃப்-8 என்கோடிங்கில் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. நேரத்தில் மில்லிசெகண்டுக்கு முன் புள்ளி அல்ல, காற்புள்ளி.

கத்தரிக்கோல்:

ரெண்டருக்கு: எம்பி4, ஹெச்.264, வினாடிக்கு 8 மெகாபிட், ஒலி ஏஏசி 384 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ். 50 நிமிடம் மிஞ்சினால் கோப்பு சுமார் 3 ஜிபி வரும். ரெண்டர் பெட்டியில் பிராக்சி கொண்டு ரெண்டர் செய் என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்; 640 பிக்சல் நகலையே பெரிதாக்கி மங்கலாகத் தந்துவிடும், ஏற்றிய பிறகுதான் கவனிப்பீர்கள். முழுவதையும் ரெண்டர் செய்யும் முன் முதல், நடு, கடைசிப் பகுதியில் ஒரு நிமிடம் வீதம் ரெண்டர் செய்து மொபைலில் பாருங்கள்.

டைம்லைனில் கைடு (இடத்தைக் குறிக்கும் அடையாளம்) வைத்திருந்தால் கேடென்லைவிலிருந்தே அவற்றை நேரப் பட்டியலாக எடுத்து யூடியூப் விவரப் பகுதியில் ஒட்டலாம். முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையாமல். ஆரம்ப இசைக்கு சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமையைச் சோதிக்கும் கன்டென்ட் ஐடி உடனே பிடிக்கும்; யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் புராஜெக்ட் மெனுவில் ஆர்க்கைவ் கொடுத்தால் கோப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் சேரும். பிராக்சியை அழிக்கலாம், மீண்டும் செய்துகொள்ள முடியும்.

கூட்டப்பதிவன்:

ஹேண்ட்பிரேக்குக்குப் பிறகு, வெட்டுவதற்கு முன் அளந்தேன். 10ஆவது நிமிடத்தில் 1 ஃபிரேம், 30இல் 3, 50இல் 5. ஒலிதான் முந்துகிறது.

மைக்_டெஸ்டிங்:

அப்ப ஃபிரேம் பிரச்சினை தீர்ந்திடுச்சு, மிச்சம் கடிகாரம் மட்டும். 50 நிமிஷத்துக்கு 5 ஃபிரேம்னா 0.0056 சதவீதம். ஒலியை நீட்டுறதை விட வெட்டுறது சுலபம். 5ஆவது நிமிஷத்துக்குப் பக்கத்துல பேச்சு நிக்கிற ஒரு இடத்தைப் பாருங்க, ஒலி டிராக்கை மட்டும் அங்க வெட்டி, அதுக்குப் பின்னால உள்ள மொத்த ஒலியையும் 1 ஃபிரேம் வலப்பக்கம் தள்ளுங்க. முன் துண்டோட வாலை 1 ஃபிரேம் இழுத்து அந்த இடைவெளியை மூடுங்க, மௌனமாவே விட்டா விசிறிச் சத்தம் அறுந்து கேட்கும். இதே மாதிரி 15, 25, 35, 45 நிமிஷத்துக்குப் பக்கத்துலயும். எங்கயுமே அரை ஃபிரேமுக்கு மேல தவறு இருக்காது. வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.